கடல் தாண்டிய பூஜையும் பிராயச்சித்தமும்

சைவாகமம் பயின்று, சமய தீக்ஷை, விசேஷ தீக்ஷை, நிர்வாண தீக்ஷை ஆகியவற்றை முறையே பெற்று, ஆசாரியாபிஷேகமும் செய்விக்கப்பெற்றுப் பரார்த்த பூஜைக்கு அதிகாரியான ஒரு சிவாசாரியர், அந்நிய நாட்டில் நம்மவர் எழுப்பிய ஆலயமொன்றில் சில ஆண்டுகள் பூஜை செய்து வரும்பொருட்டு அந்நாட்டு ராஜாங்கத்தின் தற்காலிக வேலை விசாவை நாடுவது தர்மத்துக்கு ஒத்ததா என்னும் கேள்வி, பழைய அக்கிரகாரத்துத் திண்ணையில் எழுந்திருந்தால் ஒரு நாழிகைப் பொழுதில் தீர்ந்துபோயிருக்கும். கடல் தாண்டலாகாது என்று ஸ்மிருதி சொல்லுகிறது. தாண்டினவனுக்குப் பிராயச்சித்தம் உண்டு. கலியுகத்தில் அந்தப் பிராயச்சித்தமும் அவனை மறுபடி பந்தியில் சேர்க்கப் போதாது என்று பிற்கால நூல்கள் கலிவர்ஜ்யத்தில் எழுதி வைத்திருக்கின்றன. விஷயம் முடிந்தது என்று எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் அந்தத் திண்ணைக்கு உரியவருடைய பேரனே இன்று கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், பஞ்சகச்சமும் குடுமியுமாக அமர்ந்து, பக்கத்திலிருக்கும் பையன் விண்ணப்பத்தில் தன் தகப்பனார் பெயரைத் தவறாக அடித்துவிடாதபடி எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறபடியால், கேள்வியை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்மிருதியைக் காட்டி வழிமறிக்கிறவர்கள் அதை முழுவதும் படித்துவிட்டு மறித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. போதாயனர் தம் தர்மசூத்திரத்தின் தொடக்கத்திலேயே தென்னாட்டாருக்கு உரிய ஆசாரங்கள் ஐந்தையும் வடநாட்டாருக்கு உரியவை ஐந்தையும் எதிரெதிரே வைக்கிறார். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணந்துகொள்வது நம்முடைய கணக்கில் விழுகிறது. மது அருந்துதல், ஆயுதத்தால் ஜீவித்தல் முதலியவற்றோடு கடல் யாத்திரையும் வடநாட்டார் கணக்கில் விழுகிறது. கொற்கையிலும் பூம்புகாரிலும் கலம் செலுத்தியவர்களின் வழித்தோன்றல்கள் படித்துச் சிரித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. அதே ஆசிரியர் சற்றுத் தள்ளி, ஒருவனைப் பதிதனாக்கும் குற்றங்களைச் சொல்லுமிடத்தில் கடல் யாத்திரையை முதலில் நிறுத்தி, மூன்று ஆண்டு விரதத்தை அதற்குப் பரிகாரமாக விதிக்கிறார்: நான்காம் வேளைக்கு ஒரு முறை சிறிது உணவு, மூன்று காலமும் ஸ்நானம், பகலெல்லாம் நிற்றல், இரவெல்லாம் உட்கார்ந்திருத்தல். நம்பி ஒப்படைத்த பொருளை அபகரிப்பதும் நிலத்தைப் பற்றிப் பொய் சொல்லுவதும் அந்தப் பட்டியலில் அதன் அருகிலேயே நிற்கின்றன. இன்று எந்த நியாயவானும் ஏற்க இயலாத சாதி விதிகளும் நிற்கின்றன. கடல் தாண்டியவரைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்கள், நில விவகாரத்தில் பொய் சொன்னவரைக் கண்டு அவ்வளவு சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மனுவின் கதை இன்னும் விசேஷமானது. சிராத்தத்துக்கு வரிக்கத் தகாதவர்களை எண்ணும்போது அவர் கடல் யாத்திரை செய்பவனைச் சொல்லுகிறார். அதற்குச் சில சுலோகங்களுக்கு முன்னரே, கோயில் பூஜையைக் கொண்டு ஜீவிக்கிற தேவலகனையும் சொல்லி முடித்துவிடுகிறார். ஆகவே கடல் கடந்த அர்ச்சகரை மனுவைக் கொண்டு விலக்கப் புகுகிறவர், கடல் கடவாத அர்ச்சகரையும் அதே கையால் விலக்கியாக வேண்டும். தீக்ஷை பெற்று ஆகம வழியில் பூஜிப்பவரை இந்த நிந்தை சாராது என்பது ஆகமவாதிகளின் பதில்; யாமுனாசாரியர் வைணவப் பாஞ்சராத்திரிகளின் பொருட்டு ஆகமப்ராமாண்யத்தில் இதை விஸ்தாரமாக வாதித்திருக்கிறார். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். எனினும் ஆலயத்தில் கூலிக்கு நிற்பவனை ஸ்மிருதி ஏன் அவ்வளவு அஞ்சிற்று என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

சாஸ்திரம் ஒரு பக்கம் இருக்க, சரித்திரம் தன் வழியே கப்பலேறிவிட்டது. சீன தேசத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குப்லாய் கான் அரசாண்ட காலம். அங்கே திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தவர் சம்பந்தப் பெருமாள் என்னும் ஒருவர். கானின் ஆணையைப் பெற்று, கானுடைய திருமேனி நன்றாயிருக்க வேண்டும் என்றே அதைச் செய்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. அந்நிய மண்ணில் நம் தெய்வத்தை வைக்க அந்நிய அரசனின் அனுமதி வேண்டும் என்பதும், அதை ஒளிக்காமல் தமிழிலேயே கல்லில் எழுதி வைக்கலாம் என்பதும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த வணிகர்களுக்குத் தெரிந்திருந்தன. 1859-இல் சிங்கப்பூரில் டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை நிறுவிய நகரத்தார் காலத்தில் கடல் கடக்க அரசாங்க அனுமதிகூட நிபந்தனையாக இல்லை. இந்தியாவில் பாஸ்போர்ட்டுக்கென்று சட்டம் பிறந்தது 1920-இல்தான். அதற்கு முன் தடை சொன்னதெல்லாம் வீட்டுப் பெரியவர்களும் மடங்களுமே. கணித மேதை ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கு நாமகிரித் தாயாரின் உத்தரவு அவரைப் பெற்ற தாயாருக்குச் சொப்பனத்தில் வந்தாக வேண்டியிருந்தது என்பதை யாவரும் அறிவர்.

அந்தத் தடை முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. உடுப்பியின் எட்டு மடங்களுள் ஒன்றாகிய புத்திகை மடத்தின் அதிபதி சுகுணேந்திர தீர்த்தர், வெளிநாடுகளுக்குச் சென்று வந்தவர் என்ற காரணத்தால், 2008 ஜனவரியில் அவருடைய பூஜை முறையாகிய பர்யாயம் வந்தபோது கிருஷ்ண விக்கிரகத்தை அவர் தொட்டுப் பூஜிக்கலாகாது என்று மற்ற மடத்தார் ஆட்சேபித்தார்கள். ஆயினும் நம் சிவாசாரியர்களிடையே இந்த ஆட்சேபம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஓய்ந்ததற்குத் தத்துவ விசாரணை காரணமன்று. ஒருகால பூஜைக் கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தபோது அது பேருதவியாக வரவேற்கப்பட்டது என்ற ஒரு விவரமே, எங்கே காரணத்தைத் தேட வேண்டும் என்பதைக் காட்டும்.

இனிக் கடலுக்கு அப்பால் போவோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் ஆலயம் 1970-களின் பிற்பாதியிலும், நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில் மகாவல்லப கணபதி ஆலயம் 1977 ஜூலை 4-ஆம் தேதியும் கும்பாபிஷேகம் கண்டன. அவற்றைப் பின்பற்றி ஊருக்கு ஊர் ஆலயங்கள் எழ, பிள்ளையார்பட்டியிலும் திருப்பரங்குன்றத்திலும் பாடசாலை படித்த பிள்ளைகளுக்கு அங்கிருந்து அழைப்புகள் வரலாயின. 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் சமயப் பணியாளர்க்கென்றே ஆர் என்னும் விசா வகையை ஏற்படுத்திற்று. அதன் விதிகள் நம்மைப் போன்றோர் நிதானமாக வாசிக்கத் தக்கவை. மனுவைத் தாக்கல் செய்பவர் அர்ச்சகர் அல்லர், அவரை அழைக்கும் ஆலயம். அவ்வாலயம் லாப நோக்கில்லாத சமய ஸ்தாபனம் என்று வரி அதிகாரிகளால் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். அர்ச்சகர் மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளேனும் அதே சமயப் பிரிவைச் சேர்ந்தவராயிருக்க வேண்டும். வாரத்துக்குச் சராசரி 20 மணி நேரமாவது பணியிருக்க வேண்டும். முதலில் 30 மாதங்கள் வரையும் பின்னர் நீட்டிப்பில் மற்றொரு 30 மாதங்கள் வரையும் அனுமதி. கூட வரும் மனைவியோ பிள்ளையோ சம்பாதிக்கக் கூடாது. ஆலயம் மெய்யாகவே ஆலயமா என்று பார்க்க அதிகாரிகள் நேரில் வரவும் கூடும்.

இரண்டு ஆண்டு அங்கத்துவம் என்ற விதியைக் கேட்டு நம்மவர் நகைப்பதுண்டு. பிறப்பினால் ஆதிசைவராகி, ஏழு வயதில் உபநயனம் கண்டு, தீக்ஷையினால் அதிகாரம் பெற்றவருக்கு இரண்டு ஆண்டு அங்கத்துவப் பத்திரம் எங்கே கிடைக்கும்? இறுதியில் பாடசாலை ஒரு சான்றிதழ் தருகிறது. ஆசாரியாபிஷேகம் நடந்த தேதி, குருவின் பெயர், கற்ற ஆகமம் எல்லாம் இங்கிலீஷில் அடித்து, கீழே வட்ட முத்திரை குத்தியது. இதில் நகைக்க அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். நம் பூஜையும் சங்கல்பத்தோடுதான் தொடங்குகிறது. கோத்திரம், நக்ஷத்திரம், பெயர், காலம், நிற்கிற தேசம், செய்யப்போகும் காரியம் அனைத்தையும் சொல்லி முடித்த பிறகே முதல் புஷ்பம் விழுகிறது. அமெரிக்க ஆலயங்களில் ஜம்பு த்வீபத்துக்குப் பதிலாகக் கிரௌஞ்ச த்வீபம் என்று தேசத்தை மாற்றிச் சங்கல்பம் சொல்லும் வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது. தான் யார், எங்கே நிற்கிறோம், எதற்காக வந்தோம் என்பதைத் தெய்வத்துக்கே விவரமாக அறிவிக்கிற சம்பிரதாயத்தில் வந்தவர், அதையே சென்னைத் துணைத் தூதரகத்தின் கண்ணாடித் திரைக்கு அப்பாலிருக்கும் உத்தியோகஸ்தருக்குச் சொல்லக் கூச வேண்டியதில்லை. முத்திரைகள் பிடித்துப் பழகிய பத்து விரல்களையும் ஒரு சிறு யந்திரத்தின் மேல் அழுத்தி ரேகை கொடுப்பதும் அவ்விதமே.

ஆனால் அந்த உத்தியோகஸ்தர் என்ன கேட்கலாம், என்ன கேட்கலாகாது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவனுடைய சமயக் கொள்கை சத்தியமா அசத்தியமா என்பதை நீதிமன்றம் விசாரிக்க முடியாது, அவன் அதை மனப்பூர்வமாக நம்புகிறானா என்பதை மட்டுமே விசாரிக்கலாம் என்பது 1944-இல் பல்லார்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை. அதாவது சிவன் உளனா என்று அரசு கேளாது. நீ சிவ பூஜை செய்கிறவன்தானா என்று கேட்கும். நம் நாட்டிலும் இதற்கு ஒரு சோதரன் உண்டு. பரம்பரை அர்ச்சக உரிமையைத் தமிழ்நாடு சட்டத்தால் நீக்கியபோது எழுந்த சேஷம்மாள் வழக்கில், 1972-இல், அர்ச்சகரை நியமிப்பது லௌகிக காரியம், அவர் செய்யும் பூஜை சமய காரியம் என்று நம் உச்ச நீதிமன்றம் பிரித்தது. வாசலைத் தாண்டும்வரை ராஜாங்கத்தின் ஆட்சி, கர்ப்பக்கிருகத்தினுள் ஆகமத்தின் ஆட்சி என்ற இந்தப் பிரிவினை இரண்டு தேசங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. வைதிகர்கள் இதில் மனக்கசப்புக் கொள்ளலாம். எனக்கு இதில் பெரிய குறை தெரியவில்லை. தெய்வத்தின் உண்மையை விசாரிக்கப் புகும் உத்தியோகஸ்தரை விட, சம்பளச் சீட்டை விசாரிக்கும் உத்தியோகஸ்தர் நமக்கு மேலானவர்.

எனக்குக் குறை தெரிகிற இடம் வேறு. எது சமயப் பணி, எது அல்ல என்று பிரிக்கும்போது அந்த விதிகள், கூட்டிப் பெருக்கி இடத்தைப் பேணுவோரையும் எழுத்து வேலை செய்வோரையும் நிதி திரட்டுவோரையும் சமயப் பணியாளர் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றன. கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது நியாயமாகவே தோன்றும். திருவதிகையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படித் தோன்றாது. அங்கே விடியுமுன் எழுந்து திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, பூக்கொய்து மாலை தொடுத்த திலகவதியாரின் பணி எந்தக் கணக்கில் சேரும்? உழவாரப் படையைத் தோளில் சார்த்திக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய திருநாவுக்கரசர், தேவாரம் பாடியவர் என்ற முறையில் விசா பெற்றுவிடுவார். கையிலுள்ள உழவாரத்தைக் காட்டினால் மனு தள்ளுபடியாகும். அவர் புல் செதுக்கிய திருவதிகை மண்ணைக் காலால் மிதிக்கவும் அஞ்சிச் சுந்தரர் ஊருக்குப் புறத்தே சித்தவட மடத்தில் தங்கினார் என்று சேக்கிழார் சொல்லுவது, அந்தப் புல் செதுக்கலின் மகத்துவத்தை நினைந்தேயன்றோ? சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்களை வகுத்து, அலகிடுதலையும் மெழுகுதலையும் முதற்பாதமாகிய சரியையில் வைத்து, அதற்குச் சாலோக பதவியைப் பயனாகக் கூறுகிறது. நாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ட பாதங்களின் குறுக்கே அமெரிக்க விதி ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே நிற்பவரைத் துப்புரவுத் தொழிலாளி என்கிறது.

இதைச் சொல்லிக் கோபித்துக்கொள்ள நமக்கு எவ்வளவு யோக்கியதை இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கோட்டை நாம் நூற்றாண்டுகளுக்கு முன்னமே கிழித்திருக்கிறோம். திருவலகிடுபவரையும் மூர்த்தியைத் தீண்டுபவரையும் பிறப்பினால் பிரித்ததும், நந்தனாரை மதிற்புறத்தே நிறுத்தியதும் வாஷிங்டனில் இயற்றிய சட்டமன்று. மடைப்பள்ளிப் பரிசாரகரையும் நாதஸ்வரக்காரரையும் மாலை கட்டுபவரையும் அழைக்கும்போது மட்டும் எல்லாம் இறைபணியே என்று மனுவில் எழுதுகிற தர்மகர்த்தர்கள், சம்பளம் போடும்போது யாரை எந்த வரிசையில் வைக்கிறார்கள் என்பதை அவர்களே அறிவார்கள்.

இங்கே தேவலகனிடம் திரும்புகிறேன். ஆலயத்தில் கூலிக்கு நிற்பவனை ஸ்மிருதிகாரர்கள் அஞ்சியதற்குக் காரணம், அவன் தெய்வத்தின் முன் நிற்கும்போது அவனுடைய கண் வேறொருவருடைய முகத்தைப் பார்க்க நேரும் என்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பரம்பரைக் குருக்கள் தரித்திரராயிருக்கலாம்; ஆனால் முறை அவருடையது; ஊர்ப் பெரிய மனிதர் நடை சாத்தும் நேரத்தில் வந்து நின்றாலும் ‘அர்த்தஜாமம் ஆகிவிட்டது, நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்லித் திரையை இழுக்கும் துணிவு அவருக்கு இருந்தது. தற்காலிக விசாவில் இருப்பவருக்கு அந்தத் துணிவு எப்படி வரும்? அவருடைய அனுமதி குறிப்பிட்ட ஓர் ஆலயத்தின் மனுவோடு கட்டுண்டது. அவ்வாலயம் அவரை விலக்கினால் 14 நாட்களுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். வேறோர் ஆலயத்தில் பூஜை செய்வதாயின் அவ்வாலயம் புதிதாக மனுப் போட்டு அனுமதி வாங்கியாக வேண்டும். செயற்குழுவில் இருப்பவர் தம் வீட்டு கிருகப்பிரவேசத்துக்கு வரச் சொல்லி, உச்சிக்கால பூஜையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னால், காலம் தவறிய பூஜைக்கு ஆகமம் விதிக்கும் பிராயச்சித்தம் அர்ச்சகருடைய நினைவுக்கு வருகிறது; அதற்கு முன்னே நீட்டிப்பு மனு நினைவுக்கு வருகிறது. கடல் நீர் அவருடைய அனுஷ்டானத்தைத் தொடவில்லை. இந்த இரண்டாவது நினைவு தொட்டுவிட்டது.

2021-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் எழுந்த ஒரு பெரிய ஆலயத்தின் கட்டடப் பணியைப் பற்றி, இதே சமயப் பணியாளர் விசாவில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்வேலைக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். மணிக்கு ஒரு டாலருக்குச் சற்று மேற்பட்ட கூலியே கிடைத்ததென்றும், கடவுச்சீட்டுகளைப் பறித்து வைத்துக்கொண்டார்கள் என்றும் அவர்கள் குற்றம் சாட்டினார்கள். நிர்வாகத்தார் மறுத்து, அவர்கள் பக்தியால் சேவை செய்ய வந்தவர்கள் என்றார்கள். அந்த வழக்கில் யார் சொல்வது மெய் என்று தீர்ப்பது என் வேலையன்று. நமக்குரிய கேள்வி, பக்தியால் செய்யும் சேவை என்ற பெயரைச் சூட்டும் அதிகாரம் யாருக்கு உரியது என்பதே. சேவை செய்கிறவன் தன் செயலுக்கு அப்பெயரைச் சூட்டலாம். கூலி கொடுக்கக் கடமைப்பட்டவன், கொடுக்காமல் விட்ட பிறகு, பிறன் உழைப்புக்கு அப்பெயரைச் சூட்ட எந்த ஆகமமும் அதிகாரம் தரவில்லை. பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது தாம் எவருக்கும் குடிப்பட்டவர் அல்லர் என்று விடை சொல்லியனுப்பிய திருநாவுக்கரசர்தாம், புல் செதுக்கும் பணியைத் தாமே எடுத்துக்கொண்டவர். அந்த இரண்டு செயல்களும் ஒரே மனிதருடையவை என்பதை மறந்துவிட்டு, இரண்டாவதை மட்டும் பிறருக்கு உபதேசிப்பது அவருடைய சமயம் ஆகாது.

ஆகையால் என் தீர்ப்பு இது: கடல் தாண்டிச் சென்று சம்பளத்துக்குப் பூஜை செய்யும் சிவாசாரியருக்குத் தோஷம் இல்லை, திரும்பி வந்தால் அவர் மூலவரைத் தொடத் தடையும் இல்லை. பிராயச்சித்தம் என்று ஒன்று வேண்டுமானால், அது அவரை அழைத்துக்கொண்டு போய், மனுவில் ஒரு சம்பளமும் கையில் ஒரு சம்பளமுமாகக் கொடுத்து, விசாவைக் காட்டி அவர் வாயை அடைக்கும் தர்மகர்த்தருக்கே உரியது. நம்பி ஒப்படைத்த பொருளை அபகரிப்பதைப் போதாயனர் கடல் யாத்திரைக்கு அடுத்து வைத்திருக்கிறார். அவர் விதித்த அந்த மூன்று ஆண்டு விரதத்தைச் செயற்குழு அங்கத்தினர் எவரேனும் ஏற்பாரானால் நான் நேரில் சென்று வணங்கத் தயார்.

அந்நிய நாடுகளில் ஆலயம் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. வைத்திருக்கும் உரிமை அதைப் பெற்றவருடையது. அதைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி அலுவலகப் பெட்டியில் பூட்டாதீர்கள். அரசுக்கு அனுப்பும் மனுவில் எழுதிய சம்பளம், பணி நேரம், தங்கும் வசதி ஆகியவற்றைத் தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, அவர் விமானம் ஏறுமுன் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு ஓய்வு இருக்கும்படி இரண்டாவது அர்ச்சகர் ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். அதற்குப் பணம் போதாதென்றால், ராஜகோபுரத்தை அடுத்த ஆண்டு கட்டிக்கொள்ளலாம்.